பூதிகோட்டையிலிருந்து வந்த சுவேகா

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அப்பாவின் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள் யசோதரா. நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸ் போகவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலைமாட்டில் மெழுகுவத்தி என்று எல்லாம் சுத்தமாக இருக்க, அந்த விரல் மட்டும் கறுத்திருந்தது.

"வுட்டுடும்மா," என்றார் முனிரத்தினம். அப்பா தம்மபாலனோடு தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில் இறங்கி ஏறியவர். "இத்தினி வருசம் சொரங்கத்துல கெடந்த கை. கறுப்பாத்தான் கீதுன்னா இன்னா இப்ப?"

அவள் நிறுத்தவில்லை.

வாசலில் பச்சை நிறச் சுவேகா நின்றது. பெடல் வைத்த பழைய மொபெட். சைக்கிளுக்கு மோட்டார் மாட்டியது போலிருக்கும். அப்படி ஒரு வண்டியில்தான் தம்மபாலன் வாலிபத்தில் ஷிஃப்டுக்குப் போனார். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து பேத்தமங்களா ஏரிக்குப் போனார். அவள் நோயில் விழுந்தபோது அதை விற்றார். இப்போது நுரையீரலில் கல்தூசி அடைத்துப் படுத்த பிறகு, வேறெதற்கும் வாய் திறக்காதவர், "அந்த வண்டில இன்னொருவாட்டி ஒக்காந்தா போதும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் யசோதரா விடுமுறை நாளெல்லாம் தேடினாள். பழைய வண்டியின் சுவடே கிடைக்கவில்லை. கடைசியில் பூதிகோட்டையில், ஒரு மாட்டுக்கொட்டகையில் கோழிகள் அடையும் வேறொரு சுவேகா கிடைத்தது. மெக்கானிக் ஜோஸ் அதைக் கழுவி, ஓடவைத்து, அவள் சொன்ன பச்சையை அடித்துக்கொடுத்தான். வாசலில் இறக்கியதும், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "நம்ம வண்டிதான் நைனா. அதே வண்டி" என்றாள்.

தம்மபாலன் வண்டியை மெல்ல ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, "ஆமாம்மா. நம்ம வண்டிதான்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்து, செயினைத் தொட்டுப் பார்ப்பார். நேற்றும் உட்கார்ந்தார். இறங்கி வந்து படுத்தவர் காலையில் எழவில்லை.

புத்த விகாரையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து செருப்பைக் கழற்றினார். "எடுக்கறதுக்கு முன்ன பஞ்சசீலம் சொல்லிடலாம். புள்ள மொதல்ல சொல்லட்டும். நாங்க பின்னாலயே சொல்றோம்."

யசோதராவின் கை நின்றது. ஐந்து வாக்குகளில் நான்காவது, பொய் சொல்லமாட்டேன் என்பது. அவளை மடியில் வைத்து அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவரிடமே பொய் சொல்லிவிட்டு, அவர் தலைமாட்டில் நின்று அதை எப்படிச் சொல்வது?

"என்னால ஆவாது மாமா," என்றாள் முனிரத்தினத்திடம். "நீங்களே சொல்லிடுங்க."

"இன்னா ஆவாது? அவனுக்கு நீ ஒருத்திதானம்மா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது நம்ம வண்டி இல்ல மாமா. நைனாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

முனிரத்தினம் சிரித்துவிட்டார். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடி பைத்தியமே! நம்ம வண்டிய காயலாங்கடையில ஒடச்சப்போ நானும் அவனும் நின்னு பாத்துகினு இருந்தோம். உங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்த நேரம். அவளுக்குத் தெரிய வாணாம்னு ஊட்ல யார்கிட்டயும் அவன் சொல்லல."

"அப்போ நைனாவுக்கு..."

"எறக்கும்போதே தெரியும். நான் கேட்டேன், 'இன்னாடா, எவன் ஊட்டு கோழிக்கூண்டயோ உன் வண்டின்றே'ன்னு. 'போடா, எம்பொண்ணு ஊர் ஊரா அலஞ்சி இட்டாந்தது. எங்க வாசல்ல நின்னப்புறம் அது எங்க வண்டி இல்லாம உன் வண்டியா'ன்னான். பொய்யாயிடக் கூடாதேன்னு யோசிச்சிதான் உனக்கே பதில் சொன்னானாம். உங்க நைனாவ உனக்குத் தெரியாதா?"

யசோதரா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கொடுத்தவள் மறைத்த குறையை, வாங்கியவர் அன்போடு மூடி வைத்திருந்தார். அவள் துணியை மடித்துக் கீழே வைத்தாள். கறுத்த விரலை மற்ற விரல்களோடு சேர்த்து அவர் மார்பில் வைத்தாள். எழுந்து தலைமாட்டில் போய் நின்றாள்.

கைகூப்பித் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்காகக் கூட்டம் பின்தொடர்ந்தது. "முசாவாதா வேரமணி" என்று நான்காவதைச் சொன்னபோது அவள் குரல் தடுமாறவில்லை.

ஐந்தாவது, குடிக்கமாட்டேன் என்பது. பின்னால் எல்லாக் குரல்களும் எழுந்தன. தினமும் சாயங்காலம் குடிக்கிற முனிரத்தினத்தின் குரல் மட்டும் பாதியில் தேய்ந்து நின்றது. யசோதரா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விட்ட சொற்களையும் சேர்த்துக்கொண்டு, கூட்டத்தோடு தானும் இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.