மேல்காற்று எந்தப் பக்கம்?

குப்பைக் கிடங்கை ஊரின் மேற்கு ஓரத்தில் வைப்பதா, கிழக்கு ஓரத்தில் வைப்பதா என்று மதியம் குழு கூடி முடிவு செய்யப்போகிறது. நகரமைப்பு அலுவலகத்தின் நீண்ட மேசைமேல் வரைபடத்தை விரித்து, பச்சைத் தாளில் வெட்டிய அம்புகளை ஒட்டிக்கொண்டிருந்தாள் இளம் வரைபடக்காரி. ஒவ்வோர் அம்பும் ஒரு காற்று. கூட்டுக்குத் திரும்பும் கிளிகளைப்போல எல்லாம் மேற்கு நோக்கிப் பறந்தன.

காற்றுக் கணக்கு வட்டார ஆராய்ச்சி நிலையத்துடையது. சுற்றியுள்ள ஊர்களின் காற்றையும் மழையையும் அளந்து பூட்டி வைத்திருந்தவர்கள், இவள் விடாமல் நச்சரித்ததால் முதல்முறையாகப் பகிர்ந்திருந்தார்கள். தலைமைப் பொறியாளருக்கு அதில் நம்பிக்கையில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதும்மா. இதுல ஒரு தப்பு வந்துச்சு, வெளியார் கணக்கு இனிமே இந்த வாசப்படி ஏறாது" என்று சொல்லிவிட்டார்.

நிலையத்தின் சார்பில் கூட்டத்துக்கு வந்தது இவளுடைய அண்ணிதான். கைப்பையைக்கூட இறக்காமல் வரைபடத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. உங்க ஊர்ல மட்டும் காத்து பின்பக்கமா நடக்குதேன்னு பாத்தேன்."

"நீங்க குடுத்த கணக்குதானே? முக்காவாசி மேற்குன்னு போட்டிருக்கு. கிடங்கை மேற்கு ஓரத்துல வெச்சா நாத்தம் அப்படியே ஊரைவிட்டு வெளிய போயிடும்."

"தென்றல் எங்கேருந்துடி வரும்?"

"தெற்கேருந்து."

"வாடை?"

"வடக்கேருந்து. என்ன இது, பரீட்சையா?"

"அப்ப மேல்காத்து?"

கையிலிருந்த அம்பு நழுவி மேசையில் விழுந்தது. விருந்தாளியைப் போலத்தான் காற்றும். போகும் ஊரை யாரும் கேட்பதில்லை, வந்த ஊரைச் சொல்லித்தான் அழைக்கிறோம்; மேற்கேயிருந்து வருவதுதான் மேல்காற்று. மேற்கு ஓரத்தில் கிளம்பும் நாற்றம், ஊர் நடுவே கட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஜன்னல்களில் நேராக நுழையும்.

"அவசரக்குடுக்கை! ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிப்பீங்க."

"இப்பவும் சொல்லத்தான் போறேன். அந்த ஓரத்தைப் பிடி, உரிப்போம்."

பாதி அம்புகளைத் திருப்பி ஒட்டியிருந்தபோது பொறியாளர் உள்ளே வந்தார்.

"என்னம்மா உரிச்சுக்கிட்டிருக்கீங்க?"

பசை சரியாக ஒட்டவில்லை என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணி நாத்தனாரையே பார்த்தாள்.

"கணக்கு சரி சார். நான்தான் தலைகீழாப் படிச்சிட்டேன்" என்றாள் அவள். "கிடங்கு கிழக்கே, பழைய கல்குவாரிகிட்ட வரணும். அதுக்கப்புறம் வெறும் பொட்டல்தான்."

பொறியாளர் முகம் இறுகியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மேற்கு ஓரத்தில் விரலை வைத்து, திருப்பி ஒட்டிய அம்புகள் காட்டிய வழியே நகர்த்தினார். விரல் ஆஸ்பத்திரியைத் தாண்டி, அடுத்த தெருவில் நின்றது.

"இது என் வீடு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அண்ணி மிகவும் பாடுபட்டாள்.

"வேற என்னென்ன கணக்கு வெச்சிருக்கீங்க உங்க நிலையத்துல?" என்று அவளிடம் கேட்டார் அவர்.

"மழை, வெள்ளம், வெயில், நிலத்தடித் தண்ணி..."

"எல்லாத்தையும் அனுப்புங்க. கூடவே நீங்களும் வந்துடுங்க, படிச்சுக் காட்ட."

"வரேன் சார். ஆனா அதுவரைக்கும் இவ கையில பசையைக் குடுக்காதீங்க."