பத்து நிமிஷத்தில் ஊற்ற வேண்டிய வெள்ளை

டிரைவிங் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் முழு நம்பிக்கை உள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான். பயிற்சிக் காரில் அவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக். எதிரே லாரி வந்தாலும் சரி, ஓட்டக் கற்பவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, ஓர் அழுத்து அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். இருபத்தாறு வருஷம் அப்படி நிறுத்திப் பழகியவர். மனைவி சமையலறையில் சரிந்தபோதும் அவர் வலது கால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை.

அது நடந்து ஏழு வாரம் ஆகிவிட்டது.

அன்று காலை அவள் அடுக்கு சோப்பு செய்துகொண்டிருந்தாள். கீழே நீலம், மேலே வெள்ளை. சோப்புக் கட்டியை உருக்கி, நீலம் கலந்து, நீளமான அச்சில் பாதிவரை ஊற்றிவிட்டு, "மாஸ்டர், பத்து நிமிஷத்துல வெள்ளை ஊத்தணும். ஞாபகப்படுத்துங்க" என்றாள். அவளும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கார் கற்றுக்கொடுக்கப் போய், மூன்றாம் நாள் ஆளுக்கொரு ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். அன்றைக்குக் கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பத்து நிமிஷம் கழித்து ஞாபகப்படுத்தத்தான் அவர் உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வரவில்லை. நீலம் அச்சிலேயே இருந்தது. வீட்டைத் துடைக்க வந்த அவள் தங்கை, பார்க்க மனசில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். போன மாதம் அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா கடைசியா ஊத்துனது, அத்தான். பாதியில விடக்கூடாது. வெள்ளையையும் ஊத்தி முடிச்சுட்டு, குறுக்கால வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

"நீயே ஊத்தேம்மா."

"எனக்குக் கை நடுங்கும். நீங்கதான் லாரிக்கு நடுவுல நடுங்காம உக்காந்திருக்கற ஆளாச்சே!"

மாஸ்டர் முதலில் டீக் கப்புகளில் பழகிப் பார்த்தார். கற்றுக்கொள்ளாமல் ரோட்டுக்கு வராதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் ஆயிற்றே.

முதல் கப்பில் வெள்ளையைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். அது நீலத்தை உருக்கிக்கொண்டு நேரே அடிக்குப் போனது. கடைசியில் வந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. கார் துடைத்த துணியைப் பிழிந்தால் வருமே, அது. கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. அக்காவுக்கு சோப்பின் மேல் அடிக்க ஸ்பிரிட் வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தவள்.

"கொஞ்சம் ஆற விட்டு ஊத்துங்க அத்தான். பாத்திரத்தை வெளிப்பக்கம் கையால பிடிச்சா சுடணும், ஆனா கையை எடுக்கத் தோணக்கூடாது."

"ஹாஃப் கிளட்ச் மாதிரி."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்ககிட்ட நான் வண்டி கத்துக்கல. அதனாலதான் இன்னும் பேசிட்டிருக்கோம்."

இரண்டாவது கப்பை ஆற விட்டுத்தான் ஊற்றினார். ஆனால் கீழே இருந்த நீலம் முந்தாநாள் ஊற்றியது. காய்ந்து வழவழவென்று இருந்தது. கப்பிலிருந்து தட்டியதும் வெள்ளை மூடி மாதிரி தனியாகக் கழன்று, உருண்டு, பிரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"கீறினீங்களா?" என்றாள் போனில்.

"எதை?"

"நீலத்தோட மேல்பரப்பை! காஞ்சுபோனா முள்கரண்டியால குறுக்கும் நெடுக்கும் நல்லாக் கீறி, ஸ்பிரிட் அடிச்சு, உடனே ஊத்தணும். வழவழன்னு இருந்தா ஒட்டாது. அக்கா பத்து நிமிஷம்னு சொல்றதே, காயறதுக்குள்ள ஊத்திட்டா கீற வேண்டியதில்லைன்னுதான்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது கப் பிடித்தது. கீறி, ஸ்பிரிட் அடித்து, பதமான சூட்டில் ஊற்றியது. சுவரில் தட்டினார், தரையில் போட்டார், இரண்டு கையாலும் முறுக்கினார். அடுக்கு அசையவில்லை. லைசென்ஸ் வாங்கிவிட்டது போல அதை ஜன்னலில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும்படி கொழுந்தியாளிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சை இறக்கினார். தாளைப் பிரித்ததும் நீலத்தின் மேல் முத்து முத்தாக ஈரம். 'சோப்புக்கு வேர்க்கும் அத்தான், காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பயந்துடாதீங்க' என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். பயப்படாமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தார். ஸ்பிரிட்டைப் பக்கத்தில் வைத்தார். முள்கரண்டியை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்துக்காக அச்சை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

ஓர் ஓரத்தில் சின்னக் குழி ஒன்று தெரிந்தது.

மேலே ஆடை கட்டிவிட்டதா என்று பார்க்க மனைவி சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பாள். "கையைச் சுட்டுக்கறதுக்குன்னே பொறந்திருக்கே" என்று இவர் திட்டுவார். பத்து நிமிஷம் ஆவதற்குள் ஒருமுறை தொட்டிருக்கிறாள். குழிக்குள் ரேகைகூட இருந்தது, மெல்லிசாக, மூன்று நான்கு வளைவு.

குழியை விட்டுவிட்டுச் சுற்றிக் கீறலாம் என்று நினைத்தார். முள்கரண்டியைக் கொண்டுபோனார். கை நடுங்கியது. லாரிக்கு நடுங்காத கை. கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் எடுத்தார். முள் நீலத்தைத் தொடுவதற்குள் திரும்பவும் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் அவர் கீறவில்லை. ஸ்பிரிட்டும் அடிக்கவில்லை. வெள்ளையை உருக்கி, குழி உருகிவிடாமல் இருக்க, கெட்டியாகத் தொடங்கும்வரை ஆற விட்டு, குழி இல்லாத கோடியிலிருந்து கரண்டி கரண்டியாக விட்டார். அது மெதுவாக நகர்ந்து வந்து குழியை மூடியது. ஒட்டாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் கொழுந்தியாள் வந்து, அச்சிலிருந்து சோப்பைக் கழற்றி, நடுவில் கத்தியை வைத்து அழுத்தினாள். வெள்ளை வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனது.

"அத்தான்! கீறலையா?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? போன்ல தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினேனே! உங்ககிட்ட கத்துக்கறவங்க எல்லாம் எப்படித்தான் உயிரோட வீட்டுக்குப் போறாங்களோ! அக்கா கடைசியா ஊத்துனதுன்னு ஒரு இது வேணாமா உங்களுக்கு?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெள்ளையை மறுபடியும் பொருத்திப் பார்க்க அவள் அதைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. விரல் நுனி அளவு. அதைப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்த நீலத்தைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த மூன்றாவது கப்பின் சோப்பையும், அதில் கெட்டியாக ஒட்டியிருந்த அடுக்கையும் பார்த்தாள்.

"சுண்டுவிரல்" என்றாள்.

"ம்."

அவள் வெகுநேரம் அந்த மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கத்தியைக் கழுவி, அது இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"குறுக்கால வெட்ட வேணாம், அத்தான். எனக்கு இது போதும்."

வெள்ளையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "சாப்பிடுங்க" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் நீலத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைக் குழிமேல் வைத்துப் பார்த்தார். அது பெரிசு. சுண்டுவிரலை வைத்தார். அதுவும் உள்ளே போகவில்லை, ஓரத்திலேயே நின்றுவிட்டது. அழுத்தினால் போகும். அவர் அழுத்தவில்லை.

குழியில் மறுபடி ஈரம் கட்டத் தொடங்கியிருந்தது. துணியின் முனையால் அதை ஒற்றி எடுத்துவிட்டுத் தாளைச் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, அதன்மேல் இன்னொரு சுற்றும் சுற்றினார்.