பிள்ளை பிடிக்கிற பேச்சு

பள்ளிக்கூடம் திறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளை பிடிக்கிறவர்களாக மாறிவிடுவார்கள். கையில் சாக்குப்பைக்குப் பதில் துண்டுப் பிரசுரம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தெருத் தெருவாக நடந்து, கதவைத் தட்டி, சேர்க்கிற வயசில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் பேச வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சேர்க்கை குறைந்தால் பள்ளியை இன்னொரு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். இணைத்த பிறகு ஆசிரியர்களை எந்த மூலையில் தூக்கிப் போடுவார்கள் என்பது ஆண்டவனுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் மட்டுமே தெரியும். இரண்டு பேருமே முன்கூட்டிச் சொல்வதில்லை.

டீச்சர் இதில் கைதேர்ந்தவள். மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கட்டின கணவனுக்கும் அப்படியே. அவளுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அவளே யோசித்து, பல வாசல்களில் பேசிப் பேசித் தேய்த்து வழவழப்பாக்கிய பேச்சு. ஹெட்மாஸ்டர் அதை மற்ற ஆசிரியர்களையும் மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தார். அவர்கள் வாயில் அது ரயில் நிலைய அறிவிப்பு போலக் கேட்டது. டீச்சர் சொன்னால்தான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா கதவை இன்னும் கொஞ்சம் திறப்பாள்.

அன்றும் காலை முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு நடந்தாள். செருப்புக்குள் மணல், தொண்டைக்குள்ளும் மணல். மத்தியானம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நல்ல உடை மாற்றிக்கொண்டு, தன் மகளைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்கான நேர்காணலுக்குக் கிளம்பினாள்.

இதில் வெட்கப்பட வேண்டுமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஊசி போட்ட கன்னத்தைப் பல் டாக்டர் கிள்ளிப் பார்ப்பது போல உள்ளே கிள்ளிப் பார்த்தாள். கன்னம் இருந்தது, வலி இல்லை. அவள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. போனவர் போனார், வரவேண்டியவர் வரவில்லை. ஒன்றையும் இரண்டையும் சேர்த்து உட்கார வைத்து இரண்டாம் வகுப்பு சார் பார்த்துக்கொள்கிறார், அதாவது, பார்க்கிறார். மகள் போக வேண்டியது அந்த ஒன்றாம் வகுப்புக்குத்தான். ஊரார் பிள்ளைகளை அதே வகுப்பில் சேர்க்கச் சொல்லித்தானே காலையில் பேசினாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தயாராக இல்லை. அவளிடம் தயாராக இருந்தது ஒரே ஒரு பேச்சுதான்.

கணவன் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். ஆட்டோவில் வரும்போதே தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"எது கேட்டாலும் நான் பேசறேன். நீ சிரிச்சா மட்டும் போதும்."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"எதுக்குமே இல்ல. வசதியானவங்க அப்படித்தான் சிரிப்பாங்க."

மகளுக்கு வீட்டில் மைனா என்று பெயர். தூக்கத்தில்கூட யாரிடமாவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு மட்டும் வாயைப் பூட்டிக்கொண்டாள். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மீன்கள் ஒன்றையொன்று முட்டாமல் வரிசையாகத் திரும்பின. அவற்றையும் நேர்காணல் வைத்துத்தான் எடுத்திருப்பார்கள் போலிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் குழந்தைகளின் காதில் கடைசி நிமிடம் வரை எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அப்பா, பிள்ளைக்கு நிறங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே நீளமான மேஜை. நடுவில் தாளாளர். சுவரில் அவர் யாரிடமோ கேடயம் வாங்கும் படம் ஒன்றும், யாருக்கோ கேடயம் கொடுக்கும் படம் ஒன்றும் மாட்டியிருந்தன. இரண்டிலும் கேடயம் ஒன்றுதானோ என்று டீச்சருக்குச் சந்தேகம். மேஜையின் ஓரத்தில் ஒன்றாம் வகுப்பு மிஸ் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் படங்கள் போட்ட அட்டைக் கட்டு. தனியார் பள்ளியில் இருந்தால் மிஸ், அரசுப் பள்ளியில் இருந்தால் டீச்சர். செய்கிற வேலை ஒன்றுதான். சம்பளம் மட்டும் நினைப்பதற்கு நேர்மாறு.

"நாங்க குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கறதில்ல. குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கறோம்" என்றார் தாளாளர். கணவன் தலையாட்டினான். வசதியாகச் சிரிக்கவும் சிரித்தான்.

மிஸ் ஒரு அட்டையை எடுத்து மைனாவிடம் நீட்டினாள். "இது என்ன பாப்பா?"

"படம்."

"படம்தான். படத்துல என்ன இருக்கு?"

மைனா அட்டையை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமே இல்ல" என்றாள்.

மிஸ்ஸின் உதடு லேசாகத் துடித்தது. தாளாளருக்கு அப்படி எதுவும் துடிக்கவில்லை. எதிரே இருந்த தாளில் என்னவோ கிறுக்கினார். பேனாவின் ஓட்டத்தைப் பார்த்தே டீச்சருக்குப் புரிந்துவிட்டது, அவளும் அந்த மாதிரிக் கிறுக்குகிறவள்தானே. இடம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கணவன் அவசரமாக முழுமையான வளர்ச்சி, உலகத்தரம், ஆளுமை என்று மூன்று வார்த்தைகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். தாளாளர் அவற்றைத் தொடக்கூட இல்லை. அந்த வார்த்தைகளை மொத்த விலைக்கு வாங்கி விற்கிறவர் அவர்.

விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே ஒரு டீச்சர். அரசாங்கப் பள்ளி. உங்க பொண்ணை அங்க சேக்காம இங்க ஏன் வந்தீங்க?"

கணவன் வாயைத் திறந்தான். தாளாளர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "அம்மா சொல்லட்டும்."

டீச்சர் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தப்பித்திருப்பாள். ஒரு முகம் எதிரே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்து விழுந்தது. காலையிலிருந்து அதே வேலை செய்துகொண்டிருந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பிள்ளையை நம்பி விடுங்க. பிள்ளை முகம் ஏன் வாடியிருக்குன்னு முதல்ல பாப்போம், பாடத்தை அப்புறம் பாப்போம். நல்ல கட்டடம் இருக்கு, கம்ப்யூட்டர் ரூம் இருக்கு, ஓடி விளையாட இடம் இருக்கு. அதெல்லாம் எங்கயும் இருக்கும். ஆனா மக்குப் பிள்ளைன்னு ஒண்ணு இங்க கிடையாது. மெதுவா வர்ற பிள்ளை, வேகமா வர்ற பிள்ளை, அவ்வளவுதான். மெதுவா வர்ற பிள்ளைக்காக நாங்க நின்னு கூட்டிக்கிட்டுப் போவோம். காலையில எந்தச் சிரிப்போட விட்டுட்டுப் போறீங்களோ, சாயங்காலம் அதே சிரிப்போட திருப்பித் தருவோம்."

இதற்கு அடுத்த வரி, ஒரு பைசா செலவில்லை என்பது. அது நாக்கு நுனிக்கு வந்த நேரத்தில் கணவன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். மணல் இருந்த கால். டீச்சர் நிறுத்திக்கொண்டாள். தன் அரசுப் பள்ளிக்குச் சொல்லும் பேச்சைத் தனியார் பள்ளித் தாளாளரிடம் கடைசி வரி நீங்கலாக ஒப்பித்து முடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ஆனால் தாளாளர், புகழ்ச்சி என்று எது காதில் விழுந்தாலும் அது தனக்குத்தான் என்று பல வருடங்களாகப் பழகியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பவர் கூடியிருக்கிறது என்பதைக் கணவன் அந்த நிலையிலும் கவனித்தான்.

"இந்தப் பள்ளியோட ஆன்மாவையே சொல்லிட்டீங்கம்மா" என்றார் தாளாளர். "வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு இவ்வளவு தெரியுதுன்னா, நாம சரியாத்தான் நடத்தறோம். மிஸ், எழுதிக்கிட்டீங்கல்ல?"

மிஸ் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

இரண்டு நாளில் இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. கடையிலிருந்து இனிப்போடு வந்த கணவன், தான் மிதித்த மிதியில்தான் காரியம் கைகூடியது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டான். மைனா, அந்தப் படத்தில் இருந்தது பசுமாடு என்றும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சொல்லவில்லை என்றும் விளக்கினாள். டீச்சர் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பாகத்தான் இருந்தது.

அரசுப் பள்ளி திறந்த அன்று காலை, மணி அடிப்பதற்கு முன்பே ஹெட்மாஸ்டர் வராந்தாவில் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெரிய பள்ளியில் வேலை பார்க்கிற மிஸ் ஒருத்தி தன் மகனை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருக்கிறாள் என்றார். வாசலில் பேனர் அடித்து மாட்டிவிடலாமா என்று கேட்டார். டீச்சர் வேண்டாம் சார் என்றாள். ஒரு போட்டோவாவது என்றார். அதுவும் வேண்டாம் என்றாள்.

வகுப்பறையில் மிஸ் நின்றிருந்தாள். அடையாள அட்டை கழுத்தில் இல்லை. கைப்பைக்குள் இருந்து அதன் நாடா மட்டும் எட்டிப் பார்த்தது. மகன் அதற்குள் ஜன்னலோர பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டிருந்தான்.

இருவரும் முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மிஸ்ஸே ஆரம்பித்தாள். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டாம். சலுகை போக மீதி கட்டினால் அவள் சம்பளத்தில் பஸ்ஸுக்குக்கூட மிஞ்சாதாம். இத்தனை நாள் கடனை வாங்கிச் சமாளித்திருக்கிறாள். இந்த வருடம் முடியவில்லை.

"உங்க பேச்சைக் கேட்டேன்ல, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள். "சாருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது, நீங்க உங்க ஸ்கூலைத்தான் சொல்றீங்கன்னு."

"புரிஞ்சும் நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னா உங்க பொண்ணுக்கு இடம் போயிருக்கும். நீங்களும் நான் இங்க வந்ததை அங்க சொல்லிடாதீங்க. எங்க மிஸ்ஸே பிள்ளையை வேற ஸ்கூல்ல போடறாங்கன்னு தெரிஞ்சா சார் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

டீச்சர் சொல்லமாட்டேன் என்றாள்.

மிஸ் ஜன்னலோரம் இருந்த மகனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்குச் சொன்னீங்களே, அதெல்லாம் உண்மைதானே டீச்சர்?"

கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. சாவி ஹெட்மாஸ்டரிடம் இருந்தது, கம்ப்யூட்டர்கள் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. ஓடி விளையாட இருந்த இடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்க்கையில் ஒரு பிள்ளை கூடும். எத்தனையோ வாசல்களில் சொன்ன வார்த்தைதான்.

"பாதி உண்மை" என்றாள் டீச்சர்.

"எந்தப் பாதி?"

"மூணாம் கிளாஸ் டீச்சர் நல்லா சொல்லித் தருவாங்க."

"அது யாரு?"

"நான்தான்."

மிஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ் வராது என்று தெரிந்தும் நிறுத்தத்திலேயே நிற்கிறவளைப் போலத் தலையசைத்தாள்.

"எங்க ஸ்கூல்லயும் பாதிதான்" என்றாள்.

"எது?"

"கட்டடம்."

"டீச்சருங்க?"

"வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவாங்க. நான் இத்தனை நாள் இருக்கறதே அவங்களுக்கு ஆச்சரியம்."

வெளியே மணி அடித்தது. இருவரில் ஒருத்தியாவது, அப்படியென்றால் வேண்டாம், என் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கான இடைவெளி ஒன்று அங்கே விழத்தான் செய்தது. அதற்குள் பிள்ளைகள் வந்து நிரப்பிவிட்டார்கள். மிஸ், தன் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கைப்பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஓடினாள்.

தனியார் பள்ளியில் புதிய பெற்றோர்களுக்கான வரவேற்பு அடுத்த வாரம் நடந்தது. அம்மா, அப்பா இருவரும் கட்டாயம் வர வேண்டுமென்று செய்தி வந்திருந்தது; குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தவர்களாயிற்றே. டீச்சர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். குளிரூட்டிய அரங்கம், உறை போட்ட நாற்காலிகள். மைனா கழுத்தில் டை கட்டி, முன்வரிசையில் அசையாமல் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மீன்தொட்டி டீச்சரின் நினைவுக்கு வந்தது.

ஒன்றாம் வகுப்பு மிஸ் பெற்றோர்களுக்கு இடம் காட்டிக்கொண்டே வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் நின்றாள். குனிந்து, நாற்காலி உறையைச் சரி செய்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னைக்கு மூணாம் கிளாஸை யாரு பாக்கறாங்க?"

"ரெண்டாம் கிளாஸ் சார். எல்லாத்தையும் சேத்துப் பாக்கறார்."

"சரி" என்றாள் மிஸ். உறையில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனாள்.

தாளாளர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். கையில் ஒரு தாள். பிள்ளையை நம்பி விடுங்கள் என்று ஆரம்பித்தார். முகம் வாடியதைப் பார்ப்போம் என்றார். மெதுவாக வரும் பிள்ளை, வேகமாக வரும் பிள்ளை என்றார். பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவன் டீச்சரை முழங்கையால் இடித்தான். அவள் திரும்பவில்லை. அந்தப் பேச்சு ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. யாராக இருந்தாலும் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள்.

"காலையில் எந்தச் சிரிப்போடு விட்டுச் செல்கிறீர்களோ..." என்று சொல்லித் தாளாளர் மூச்சு வாங்கினார்.

அந்த வாக்கியம் எங்கே முடியும் என்பது அரங்கத்தில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டினாள்.