ஏழாம் பாகத்தின் முடிவு

"அந்தப் புத்தகத்தை எடுங்க அத்தை! அது நம்மளோடது இல்ல, லைப்ரரிது!" என்றாள் பெரிய மகள்.

"நெஞ்சு மேல வெச்சதைப் பிடுங்கச் சொல்றியா? என் தம்பி கையோட கொண்டுபோக வேற என்னடி இருக்கு?" அத்தை சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். காதுகள் மட்டும் நிமிர்ந்தே இருந்தன.

செத்துப்போனவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்கு மந்திரவாதி என்று பேர். டிராகன், சாபம், பேசுகிற மரம் என்று படித்துத் தள்ளிய மனுஷர். "கதவு திறக்கறப்ப வெளியில எந்த உலகம் நிக்குதோ, யாருக்குத் தெரியும்?" என்பார். வேலை பார்த்த காலமெல்லாம் வெளியில் நின்றது அதே வராந்தாவும் அதே தீயணைப்பு வாளியும்தான். அவருக்கு அலுக்கவில்லை.

அந்த வியாதியைப் பெரிய மகளுக்கும் தாராளமாக ஒட்டவைத்தார். வரன்கள் வந்தபோது, "இது உன் கதவு இல்லம்மா." வெளியூரில் வேலை கிடைத்தபோதும் அதே பதில்தான். அவளும் நம்பிக் காத்திருந்தாள். நாற்பது வந்தது, வேறெதுவும் வரவில்லை. ஒரு பக்கம்கூடப் படிக்காத சின்னவளோ முதல் வரனுக்கே தலையாட்டிவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிற்கிறாள். படிப்பின் பயன் பற்றித் தெருவுக்கு ஒரு கருத்து இருந்தது.

கடைசி நாட்களில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. பெரியவள்தான் வாசித்துக் காட்டினாள். நிழலைத் தொலைத்த இளவரசியின் கதை, ஏழு பாகம். நேற்றுக் காலை ஏழாவதில் இன்னும் ஒரு கத்தை பக்கம் பாக்கி. தொண்டை வறண்டிருந்தது, துணி ஊறிக்கிடந்தது. பட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"நிழல் கிடைச்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவ்வளவுதான்ப்பா."

"என்னம்மா, இவ்வளவு சப்புனா முடியும்?"

"எல்லாம் சப்புனுதான்ப்பா முடியும்!" என்று கத்திவிட்டுத் துணி பிழியப் போனாள். கை ஈரத்தோடு திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? லைப்ரரி என்றாள்.

வாசலோரம் நின்ற நூலகர் தொண்டையைக் கனைத்தார். "பரவாயில்லம்மா, இருக்கட்டும். என்ன, அடுத்து ஒருத்தர் பதிஞ்சுவெச்சிட்டுக் காத்திருக்கார்..."

கூட்டத்தில் சாவிக்கடைக்காரர் தன் செருப்பை ஆராய ஆரம்பித்தார். மனைவியை இழந்தவர். சாவி வெட்டாத நேரமெல்லாம் டிராகனோடுதான் குடித்தனம்.

சின்னவள் பொறுமை இழந்தாள். "ஒரு புத்தகத்துக்கா இந்த ரகளை? படிச்சது போதாதாக்கா? படிச்சுத்தானே இப்படி நிக்கிற?"

பெரியவள் வாயைத் திறந்தாள். நிமிர்ந்திருந்த காதுகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவோடு வேலை பார்த்தவர் மூடியை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினார். அவர் கை நிதானமானது. ஒன்றுகூடத் தளர்வாக இல்லை.

பிறகு அத்தை தன் மகன் வீட்டோடு போய்விட்டாள். சின்னவள் புருஷனுக்கு மாற்றல் வந்து கடல் தாண்டிப் போனாள். ஒருநாள் சாவிக்கடைக்காரர் பெரியவளின் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. முடிவை மட்டும் சொன்னீங்கன்னா போதும்."

"நிழல் கிடைச்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு சப்புனா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் நின்றவர்களுக்குக் கால் கடுத்துவிட்டது.

அடுத்த வருஷம் கல்யாணம். அவர்கள் வீட்டு அலமாரியில் முதல் ஆறு பாகங்களையும் சொந்தமாக வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். ஏழாவது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதற்கென்று விட்ட இடைவெளியில் வாசல் சாவியை வைக்கிறார்கள்.