கராஜில் பொரித்த கருவாடு

கனடாவில், கர்க்லாண்டில் பேராசிரியர் சுந்தரராஜன் வீட்டில் எர்லிண்டாவுக்கு ஒரு குறையும் இல்லை. கீழ்த்தளத்தில் தனி அறை, தனி டிவி, ஞாயிறு விடுமுறை. பார்த்துக்கொள்ள இரண்டு குழந்தைகள். பசித்தால் அழுவார்கள், ஊட்டினால் தின்பார்கள். அதற்கு மேல் கொள்கை எதுவும் இல்லாதவர்கள். கொள்கை மொத்தமும் அப்பாவிடம் இருந்தது.

அவர் உலோகவியல் பேராசிரியர். ஆனால் வீட்டில் உலோகத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்ததெல்லாம் காய்கறியைப் பற்றித்தான். தாம் குடியிருக்கும் பகுதியின் பெயரிலேயே மேற்குத் தீவுச் சைவ உணவுக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, தாமே தலைவராகி, ஏழாவது ஆண்டாகப் போட்டியின்றித் தேர்வாகியிருந்தார். எர்லிண்டா வேலைக்குச் சேர்ந்த அன்று அவளை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: இந்த வீட்டுக்குள் மீனும் இறைச்சியும் வரக்கூடாது. முட்டை, கேக்குக்குள் ஒளிந்து வந்தால் மன்னிக்கப்படும்.

எர்லிண்டா தலையாட்டினாள். பிலிப்பைன்ஸில் பத்து வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள் எதற்கும் தலையாட்டுவாள். வேலை கொடுத்தவர் வீட்டிலேயே தங்கி இருபத்துநான்கு மாதம் முடித்தால்தான் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், மகளை அழைத்துக்கொள்ளலாம். பதினாறு மாதம் ஓடியிருந்தது. இடையில் வேலை போனால் புது வீடு, புது அனுமதி, மறுபடி காத்திருப்பு.

சாம்பாரும் ரசமும் பழகிவிட்டன. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் நாக்கு ‘துயோ’வைக் கேட்டது. உப்பிட்டு வெயிலில் காயவைத்த சின்ன மீன்; நம்மூர்க் கருவாடுதான். அதைப் பொரித்து, பூண்டு தட்டிப் போட்ட வினிகரில் தோய்த்து, பூண்டோடு வதக்கிய பழைய சோற்றில் வைத்துச் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு சாப்பிடக்கூடாதா என்றால், அங்கே பன்றி உண்டு, நூடுல்ஸ் உண்டு, துயோ கிடையாது. அது ஏழையின் காலைச் சாப்பாடு. கனடா வரைக்கும் வந்துவிட்டு விருந்தில் கருவாடு வைக்க யாருக்கு மனம் வரும்? பந்தா ஒன்றும் பேராசிரியர்களின் தனிச்சொத்து அல்ல.

1996 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு சட்ட நுணுக்கம் உதித்தது. ‘வீட்டுக்குள்’ என்றுதானே சொன்னார்? கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர வீடு அல்ல. பிள்ளைகள் கார்டரி என்கிற குழந்தைக் காப்பகத்தில். ஐயாவின் மனைவி பத்மா மேடம் மருந்துக்கடை வேலையில். ஐயா பல்கலைக்கழகத்தில். அவள் கராஜின் வெளிக்கதவை ஒரு சாண் தூக்கிவிட்டாள், மின்சார அடுப்பைப் போட்டாள், பனிக்காலத்துக்காகக் கழற்றி அடுக்கிவைத்திருந்த கோடைக்கால டயர்களை மேசையாக்கி உட்கார்ந்தாள். கீழே பனிக்காற்று காலைக் கடித்தது. வாயில் கடல் இருந்தது.

இரண்டாவது மீனில் உள்கதவு திறந்தது. கழகத்துச் சொற்பொழிவுத் தாள்களை மறந்துபோய் எடுக்க வந்த பேராசிரியர் நின்றிருந்தார்.

எர்லிண்டாவின் கையில் சோறு. பயத்தில் மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் ஊர் வழக்கப்படி வேலை செய்தது. அவள் ஊரில் சாப்பிடும்போது எதிரே யார் வந்தாலும், போலீஸ்காரனே வந்தாலும், ‘காயின் தாயோ’, வாருங்கள் சாப்பிடலாம் என்று அழைத்தே ஆக வேண்டும். வந்தவர் ‘ஆயிற்று, நன்றி’ என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். உட்கார்ந்துவிடக் கூடாது. அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்:

“வாங்க சார், சாப்பிடலாம்.”

“நோ, நோ. தாங்க்ஸ்.”

சரியான பதில். அவள் தட்டில் குனிந்தாள். ஆனால் பேராசிரியர் நகரவில்லை. கூரையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். கராஜில் காற்றோட்டம் போதாது என்றார். பத்து நிமிடம் கழித்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டைக்கே முக்கால் மணி நேரம் பேசிய மனிதர்! அவள் மீதி மீனை மூன்று பைக்குள் சுற்றி டயருக்குள் ஒளித்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அவரே கேட்டார்: “இன்னைக்குக் கராஜ்ல வேலை எதுவும் இல்லையா?”

உத்தரவா, வேவா? புரியாமல் பொரித்தாள். சரியாக வந்து நின்றார். அவள் அழைத்தாள். அவர் நோ, நோ என்றார். தொண்டைக் குமிழ் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கோபத்தை விழுங்குகிறார் என்று நினைத்தாள். அன்றிரவு மீதி எட்டு மாதத்தையும் எண்ணியபடி கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் றோசாவிடம் சொல்லி அழுதாள். றோசா மன்னார்க்காரி, ஒரே பங்குக் கோயில், கருவாடு வாங்குவதும் ஒரே கடை. இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். றோசாவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“நீ எத்தினை தரம் கேட்டனி?”

“ஒரு தடவை. வேண்டாம்னாரே.”

“ஒருக்காவோ! அட மாதாவே! ஹென்றி, இஞ்ச வாங்கோ, இவள் செய்த வேலையைப் பாருங்கோ. பிள்ளை, முதல் தரமே ஓம் எண்டா எங்கட ஆக்கள் அவனைப் பஞ்சத்தில அடிபட்டவன் எண்டு சொல்லுவினம். ரெண்டாந்தரம் ‘இப்பத்தான் சாப்பிட்டனான்’ எண்டோணும். மூண்டாந்தரம் பிடிச்சு இருத்தினா, ‘சரி, உங்கட மனம் நோகக் கூடாது’ எண்டு நாலு பேற்ற சோத்தை விழுங்குவினம். இவர் என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டைக்கும் உப்பிடித்தான்.”

“நாலாந்தரமும் கேட்டிருந்தா இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருப்பன்,” என்றார் அவள் கணவர் ஹென்றி.

“ஆனா அவர் சைவக் கழகத் தலைவர்!”

“எந்த ஊர் ஆள்?”

“நாகப்பட்டினம்னு கடல் பக்கம்.”

“பெண்சாதியின்ர வீடு சைவமாக்கும்,” என்றாள் றோசா. “பாவம், மனுசன்.”

அடுத்த செவ்வாய்.

“வாங்க சார், சாப்பிடலாம்.”

“நோ, நோ.”

“கொஞ்சமா, சார்.”

“இப்பத்தான்... காபி சாப்பிட்டேன்.”

எர்லிண்டா ஒரு டயரை இழுத்துப் போட்டு, தூசி தட்டி, அவர் முழங்கையைப் பிடித்தாள். “உட்காருங்க சார்!”

“உன் மனசு கஷ்டப்படக் கூடாது,” என்றபடி பேராசிரியர் உட்கார்ந்தார்.

முள்ளை உலோகவியல் நுட்பத்தோடு பிரித்தார். தலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஐந்தாவது மீனில் உள்கதவு மறுபடி திறந்தது. தலைவலி என்று பாதி நாளில் வீடு திரும்பிய பத்மா.

“பத்மா, இது வந்து... உப்பு அரிப்பு பத்தின ஒரு ஆராய்ச்சி...”

“எவ்வளவு அரிச்சிருக்குன்னு தெரியுது. மீசையைத் துடைங்க.”

எர்லிண்டாவுக்கு மகள் முகம் கண்ணுக்குள் வந்து போனது. வாய் தானாகப் பேசியது: “வாங்க மேடம், சாப்பிடலாம்.”

“வேண்டாம்.”

“கொஞ்சமா, மேடம்.”

“ஐயோ, வேண்டாம்மா!”

புதுப் பாடம் பொய்க்காது என்ற நம்பிக்கையில் எர்லிண்டா இன்னொரு டயரை இழுத்தாள். பத்மா டயரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், கதவில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நான் நிஜமாவே வேண்டாம்னுதான் சொல்றேன், எர்லிண்டா. இந்த வீட்டில அப்படிச் சொல்ற ஒரே ஆள் நான்தான்.” கணவர் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். “மெரினாவில மீன் வறுக்கிற இடம் வந்தா உங்க நடை மெதுவாகும். எனக்குத் தெரியாதா? மீனை விடணும்னு நானா கேட்டேன்? எங்கப்பா கேட்டார். அவர் போயே பத்து வருஷம் ஆச்சு.”

“அப்ப கழகம்?”

“அதையும் யாரும் கேக்கலை.”

தமிழ் புரியாத எர்லிண்டா குறுக்கிட்டாள். “மேடம், என் வேலை?”

“உன் வேலைக்கு என்ன? நீ போயிட்டா சின்னவ சஹானா யார் கையில சாப்பிடுவா? இவரை அனுப்பலாமான்னுதான் யோசிக்கிறேன். ஒண்ணு மட்டும்: இந்தச் சட்டி என் தயிர்ப் பக்கம் வரக்கூடாது. சமையல் கராஜோட சரி.”

தலைவலி மாத்திரை தேடி அவள் உள்ளே போனாள். பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். கடலோர மக்களின் உணவு மரபையும் சைவ நெறியையும் ஒரு பரந்த பார்வையில் எப்படி இணைத்துப் பார்க்கலாம் என்று விளக்கத் தொடங்கினார். எர்லிண்டா இன்னும் நான்கு மீனைச் சட்டியில் போட்டாள். எண்ணெய் பொரிகிற சத்தத்தில் அவர் சொன்னதில் பாதி கேட்கவில்லை. மீதிப் பாதியும் அன்றைக்கு அவ்வளவு மோசமாக இல்லை.