தாழ்ப்பாள் கேட்ட மஞ்சள் சீட்டு

மூன்று வருடமாகக் கணக்கு டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஆள் கிடைக்காத பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. போன மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் கரும்பலகை முன்னாலேயே மயங்கி விழுந்தாள்.

டீச்சர் பொறுக்கமாட்டாமல் தானே ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மேசை டிராயரில் வைத்திருந்தார். "ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாலும் என் அனுமதி எழுத்துல வேணும்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அனுமதி கேட்டு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

இந்த லட்சணத்தில் 'நாளைய பள்ளி' என்று ஒரு பயிற்சி வந்தது. பயிற்சியாளர் ஐந்து நிற ஸ்டிக்கி நோட்டுகளோடு வந்து இறங்கினார்.

"மனசுல பட்டதை எழுதி ஒட்டுங்க. தப்பான யோசனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!"

யாரைத்தான் நப்பாசை விட்டது? டீச்சர் ஒரு மஞ்சள் சீட்டில் 'பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அறிவியல் சார் 'மகிழ்ச்சி' என்று ஒற்றைச் சொல்லை ஒட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அடுத்து, ஒரே மாதிரிச் சீட்டுகளை ஒன்று சேர்க்கும் படலம். பயிற்சியாளர் மஞ்சள் சீட்டைக் கையில் எடுத்தார்.

"தாழ்ப்பாள்... ஆழமா யோசிச்சா இது என்ன?"

"தாழ்ப்பாள்தான் சார்."

"இல்ல டீச்சர். பாதுகாப்பு!"

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை நமக்குத் தெரியும். இங்கே கட்டெறும்பு ஊதிக் கழுதையானது. தாழ்ப்பாள் பாதுகாப்புக்குள் போனது, பாதுகாப்பு 'நம்பிக்கையூட்டும் சூழல்' என்பதற்குள் போனது. கடைசியில் ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டுகள் கொடுத்து ஓட்டுப் போடச் சொன்னார்கள். டீச்சர் மூன்றையும் அந்தச் சூழலுக்கே ஒட்டினார்.

அதுவே ஜெயித்தது. கைதட்டல் அடங்கியதும் தலைமையாசிரியர் எழுந்து, நம்பிக்கையூட்டும் சூழலுக்காக வாசல் கேட்டில் கேமரா வைக்கப்போவதாக அறிவித்தார். டீச்சர் தான் ஒட்டிய மூன்று பொட்டுகளையும் பார்த்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

பயிற்சியாளருக்கு அதோடு திருப்தியில்லை. சுவரில் இருந்த சீட்டுகளை அப்படியே ஒரு பெரிய அட்டைக்கு மாற்றிக் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார். தலைமையாசிரியர் அட்டையின் அடியில் 'இதிலுள்ள ஒவ்வொன்றும் உடனே நிறைவேற்றப்பட வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, சீலும் அடித்து, போட்டோவுக்குச் சிரித்தார்.

திங்கட்கிழமை தச்சர் டிரில் மெஷினோடு வந்து சட்டத்தைத் தாழ்வாரத்தில் மாட்டினார். தலைமையாசிரியர் வாசலில், புதுக் கேமராவைப் பார்க்க அழைத்திருந்த விருந்தாளிகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் டிராயரைத் திறந்தார்.

"அண்ணே, கையோட இதையும் அந்தக் கதவுல போட்டுடுங்க."

"எழுத்துல உத்தரவு இல்லாம எதையும் தொடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரேம்மா."

"உத்தரவைத்தானே அண்ணே இப்ப மாட்டினீங்க?"

தச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மஞ்சள் சீட்டைப் படித்தார். குனிந்து அடியில் இருந்ததையும் படித்தார்.

"அட, சீலே அடிச்சிருக்காரு!"

பத்து நிமிட வேலை. டிரில் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடிவந்தார், பின்னாலேயே விருந்தாளிகள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

டீச்சர் தாழ்வாரத்துச் சட்டத்தை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். விருந்தாளிகளில் ஒருவர் கிட்டே போய் அதைச் சத்தமாகவே வாசித்தார். தலைமையாசிரியர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார். ஆனால் அவரா சளைப்பவர்?

"நான் சொன்னா உடனே நடந்துடும் சார், இந்தப் பள்ளிக்கூடத்துல" என்று ஆரம்பித்தார்.

அவர் பேசட்டும் என்று டீச்சர் கழிப்பறைப் பக்கம் நடந்தார். அன்று மயங்கி விழுந்த பெண் உள்ளே போயிருந்தாள். தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. வெளியே அவளுடைய சிநேகிதி பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் அவள் கைகளைத் தொட்டார்.

"விடும்மா" என்றார். "இனிமே நீ பிடிக்க வேணாம்."