இரண்டாவது பேட்டரியின் மைனஸ்

"மொத பேட்டரிதான் டேப் செட்டையும் சொமக்குது, ஃபேனையும் சொமக்குது. அது தலையிலயே இதையுங் கட்டோணுமா புள்ள? ரெண்டாவது சும்மாதான கெடக்குது" என்றான் ரமேஷ்குமார், லாரியின் பேட்டரிப் பெட்டிக்கு முன்னால் குந்தியபடி.

பங்காளிகளுக்குக் காடு பிரித்துக் கொடுக்க வந்தவன் மாதிரி இருந்தது அவன் பேச்சு. அவன் பெண்டாட்டி யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. தேங்காய் ஏற்றும் லாரிக்கு இருபத்துநாலு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கும். அவளுடைய ரேடியோவுக்குப் பன்னிரண்டு போதும். லாரிக்காரர்கள் எல்லோருமே பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் இழுக்கிறவர்கள்தான். முதலாவதில் எடுத்தால் என்ன, இரண்டாவதில் எடுத்தால் என்ன? இரண்டாவதிலேயே இரண்டு ஒயரையும் முடுக்கினாள்.

காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஹாம் ரேடியோ உரிமம் வந்துவிட்டது. போன் கோபுரம் இல்லாமலே ஊர்விட்டு ஊர் பேசலாம். இன்று ஐந்து மணிக்கு ரேடியோக்காரர்கள் சங்கத்தில், ரேடியோ வழியாகவே ஆஜர் எடுக்கிறார்கள். சொந்த வண்டியிலிருந்து பேசி, மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாரில் இருக்கும் இன்னாசிராஜுக்குக் கேட்கவைத்தால்தான் இந்த மழைக்காலத்துக்குச் சேதி கடத்தும் குழுவில் இடம். தவறினால் அடுத்த வருஷம்தான்.

அதுவரை பொறுக்க அவளால் முடியாது. போன மழையில் மலைப்பாதை சரிந்து இதே லாரி நடுவழியில் மாட்டிக்கொண்டது. போனும் செத்துப்போயிற்று. அங்கே யார் வீட்டிலோ கஞ்சி குடித்துவிட்டு ரமேஷ்குமார் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறான். இங்கே பெருமாட்டியில் இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ரேடியோக்காரர் ஒருத்தர் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சேதி வந்திருக்கும் என்று பிறகு யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள்.

பிளஸ் ஒயருக்கு ஒரு ஃபியூஸ், மைனஸ் ஒயருக்கு ஒரு ஃபியூஸ். "மைனஸுக்கு எதுக்குப் புள்ள ஃபியூசு? உனக்கு எல்லாமே ரெண்டு வேணும்" என்று அவன் கேலி செய்தான். பிளஸ் ஃபியூஸை மட்டும் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். லாரியில் ஓட்டை போடக்கூடாது என்பது அவன் உத்தரவு. அதனால் ஆன்டெனாவைப் பக்கக் கண்ணாடியின் கம்பியில் கவ்வ வைக்கப் போனாள்.

இரும்பு இரும்பில் பட்டதுதான் தாமதம், பளீரென்று நீலப்பொறி பறந்தது.

"ஐயோ, என்ற லாரி!"

"ஐயோ, என்ற ரேடியோ!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மைனஸ் ஃபியூஸ் கருகியிருந்தது. பிளஸ் ஃபியூஸ் அவள் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கிவிட்டது. பிளஸ் இல்லாமலே பொறி பறந்தது என்றால், கரண்டு மைனஸ் வழியாகத்தான் வந்திருக்கிறது. முதல் பேட்டரியின் மைனஸ் லாரியின் உடம்போடு சேர்ந்தது. இரண்டாவது பேட்டரி நிற்பதோ முதலாவதன் தோளில். மாடி வீட்டுத் தரை, கீழ்வீட்டுக்காரனுக்குக் கூரை. ரேடியோவுக்குள் மைனஸும் ஆன்டெனாக் கவ்வியும் ஒன்றுதான். இரண்டாவதின் மைனஸை ஆன்டெனா வழியாக லாரியில் தொட்டதும் முதல் பேட்டரி மொத்தமும் அந்த ஒயருக்குள் பாய்ந்துவிட்டது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிய கணக்கு. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"பாவம் பாக்கறீங்களே, பேட்டரிக்குப் போயி!" என்று அவனிடம் பாய்ந்தாள்.

"நீயுந்தான சரின்ன?"

அதுவும் உண்மைதான். "ரெண்டுலயும் சமமா எடுத்துப் பன்னண்டாக் கொறைக்கற கன்வெர்ட்டர் அடுத்த வாரம் வாங்கிக்கலாமுங்க. இன்னிக்கு மொதலாவதே சொமக்கட்டும்."

ஒயரை மாற்றினாள், புது ஃபியூஸ் போட்டாள், ஆன்டெனாவைக் கவ்வவைத்தாள். இந்த முறை பொறி இல்லை. ரேடியோவின் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. ரமேஷ்குமார் கைதட்டியே விட்டான்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மைக்கை அழுத்தித் தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். விட்டாள். இரைச்சல். மறுபடி சொன்னாள். மறுபடியும் இரைச்சல். அவள் முகம் தொங்கிப்போனது. ரமேஷ்குமார் ஃபேனையும் டேப் செட்டையும் அணைத்துவிட்டு, "மொதலாவதுக்குச் சொமை கொறையட்டும். இன்னொருக்கா கூப்புடு" என்றான். கூப்பிட்டாள்.

"கேக்குது, கேக்குது! பெருமாட்டி யோகப்பிரியா, நா இன்னாசிராஜ். சத்தம் கணீர்னு இருக்கு. ஒங்க ஆஜர் போட்டாச்சு தங்கச்சி!"

அவள் ஸ்டியரிங்கைக் குத்தினாள். ஹாரன் அலறியது. தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. ரமேஷ்குமார் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"சந்தோசத்தப் பெறகு வச்சுக்குவோம், தங்கச்சி" என்றது குரல். "இங்க காலையிலயே மண்ணு சரிஞ்சிருச்சு. டவரும் போச்சு. ஒங்க பக்கத்து ஊரு வண்டித்தாவளத்துக்காரரு, மொய்தீன்னு ஒருத்தரு, ஏலக்கா எடுக்க வேன்ல வந்தவரு, எங்கூடதான் இருக்காரு. காயம் ஒண்ணுமில்ல. பள்ளிவாசலுக்குப் பின்னால வீடாம். அவுக சம்சாரம் ஐசும்மாகிட்டச் சொல்லணும். ஒங்களால முடியுமா? ஓவர்."

அவள் பதில் சொல்வதற்குள் ரமேஷ்குமார் அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு ஏறி லாரியைக் கிளப்பிவிட்டான். பேட்டரிப் பெட்டியின் மூடியைக்கூடப் பூட்டவில்லை.

வண்டித்தாவளத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் லாரி நுழையவில்லை. முனையில் நிறுத்தி, "மொய்தீன் பாய் நல்லா இருக்காருங்க!" என்று ஜன்னல் வழியாகவே யோகப்பிரியா கத்தினாள். மூன்றாவது வீட்டு வாசலில் நின்ற பெண் நம்பவில்லை.

"ஆரு சொன்னா?"

யாரைக் காட்டுவது? யோகப்பிரியா சத்தத்தைக் கூட்டி, இன்னாசிராஜை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். "மொய்தீன். காயமில்ல. இந்தா, சோறு தின்னுக்கிட்டிருக்காரு" என்றது பெட்டி.

அந்தப் பெண் ஓடிவந்தாள். லாரியின் படியில் ஏறி, தலையை உள்ளே நீட்டி, ரேடியோவைப் பார்த்து மூச்சு வாங்கினாள். அழப்போகிறாள் என்றுதான் யோகப்பிரியா நினைத்தாள்.

"சக்கரை மாத்திரை போட்டுட்டுத்தான் திங்கறாரான்னு கேளுங்க" என்றாள் ஐசும்மா.

யோகப்பிரியா மைக்கை அழுத்திக் கேட்டாள். விட்டாள். பெட்டி இரைந்தது. படியில் ஒரு காலை வைத்து, மற்றதைத் தூக்கியபடி ஐசும்மா காது கொடுத்து நின்றாள். அவள் செருப்பில் ஒன்று சந்தின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது.